சீமைக்கருவேலத்தை என்ன செய்வது? தில்லி ரிட்ஜுக்கு முன்னால் இருக்கும் வழிகள்

ஆர்.கே.புரம், முனிர்கா, வசந்த் விஹார் பக்கத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்போது இரண்டு மனுக்கள் சுற்றுகின்றன. தில்லியின் பாறைக்குன்றுக் காடான ரிட்ஜில் உள்ள விலாயத்தி கீக்கர் மரங்களை ஒன்று விடாமல் அகற்றச் சொல்கிறது ஒரு மனு. காற்று இவ்வளவு கெட்டுக்கிடக்கும் ஊரில் ஒரு மரத்தின் மேலும் கை வைக்கக் கூடாது என்கிறது இன்னொன்று. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. யார் கேட்டாலும் மறுக்கத் தெரியாத நல்ல மனசுக்காரர்கள். போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விலாயத்தி கீக்கர் என்பது நம்ம ஊர்ச் சீமைக்கருவேலம். வேலிகாத்தான் என்றும் சொல்வோம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வருகிறவர்கள் முதல் தடவை ரிட்ஜ் சாலையில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "இங்கயுமா?" என்று கேட்பார்கள். அதே முள், அதே மஞ்சள் பூச்சரம், அதே வளைந்த காய். ஆகவே இந்த விஷயத்தில் தில்லித் தமிழரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது: பிடுங்கி எறி. கண்மாய்க்கு அந்தத் தீர்ப்பு சரி. ரிட்ஜுக்கும் அதுவே சரியா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

மரத்தின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். ஜமைக்காவிலிருந்து வந்த விதையை 1877ல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பக்கம் ஊன்றினார்கள். காமராஜர் ஆட்சியில்தான் இது வந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவர் முதலமைச்சர் ஆவதற்கு எழுபது வருடத்துக்கும் முன்பே மரம் வந்து வேர் பிடித்துவிட்டது. தில்லிக்கதை வேறு. 1911ல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றுவதாக அறிவித்து, 1931ல் புதுதில்லியைத் திறந்துவைப்பதற்குள் ஆங்கிலேயருக்கு ஒரு தலைவலி இருந்தது. வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னால் பச்சைத் திரையாக நிற்க வேண்டிய குன்று, மேய்ச்சலும் விறகுவெட்டும் பட்டு மொட்டையாகக் கிடந்தது. தண்ணீர் கேட்காத, ஆடு கடிக்காத, மளமளவென்று வளர்கிற, வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கிற மரம் வேண்டும். இத்தனை நிபந்தனைக்கும் சரி என்று வந்து நின்றது சீமைக்கருவேலம். வந்த வேலையைச் செய்தது. அதற்குப் பிறகு நிறுத்திக்கொள்ளவில்லை.

ரிட்ஜ் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடவேண்டும். குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தான் வழியாக வரும் ஆரவல்லி மலைத்தொடர் தில்லிக்குள் வந்து முடிகிறது. அந்த வால் பகுதிதான் ரிட்ஜ். வடக்கு, மத்திய, தென்மத்திய, தெற்கு என்று துண்டு துண்டாக, மொத்தம் ஏறத்தாழ 7,800 ஹெக்டேர். கரோல்பாக் தமிழர்களுக்குப் பக்கத்தில் இருப்பது மத்திய ரிட்ஜ், 864 ஹெக்டேர். அடியில் குவார்ட்சைட் பாறை, மேலே ஒரு சாண் இரண்டு சாண் மண், பல இடங்களில் அதுவும் இல்லை. ஆர்.கே.புரம் மலைமந்திர் முருகன் கோயிலில் படியேறிக் கும்பிடுகிறோமே, அந்தக் குன்றும் இதே பாறைதான்.

இந்தப் பாறையில் முதலில் இருந்தது நாம் நினைக்கிற மாதிரி அடர்காடு இல்லை. முள்ளும் புதரும் புல்லும் கலந்த திறந்த காடு. பெயர்களைக் கேட்டால் நம் ஆட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், பாதி நம்மூர் மரங்கள்: வெள்வேலம், புரசு, இலந்தை, கொன்றை, உகாய், கீழே ஆடாதோடையும் தொரட்டியும். வெற்றிலைக்குக் காசுக்கட்டி தருகிற கைர். கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிகூட இந்தப் பக்கத்து மரம்தான். தாவரக் குடும்பத்தில் அது சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய பங்காளி, குணத்தில் நேர் எதிர். இவற்றுக்கெல்லாம் மேலாக ஆரவல்லிச் சரிவுகளின் சொந்த மரம் என்றால் தௌ. நம் மலைகளில் வளரும் வெக்காலியின் உறவு. பாறை வெடிப்பில் நிற்கும், கிளை தொங்கும், விதை எக்கச்சக்கமாகப் போடும், ஆனால் முளைப்பது அபூர்வம். வேரிலிருந்தும் அடிமரத்திலிருந்தும் துளிர்த்துத்தான் பெரும்பாலும் பரவும். அப்படிப்பட்ட ஒரு மரத்தை இழந்துவிட்டால் சும்மா விதை தூவித் திரும்பக் கொண்டுவர முடியாது.

பழைய ரிட்ஜ் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால், குர்காவுனிலிருந்து ஃபரிதாபாத் போகும் வழியில் மங்கர் பணி என்ற காடு இருக்கிறது. சுற்றியுள்ள குஜ்ஜர் கிராமங்கள் ஒரு பாபாவின் பெயரால் அதைக் காத்துவருகின்றன. அங்கே கிளை ஒடிக்க மாட்டார்கள். நம் ஊர்க் கோயில்காட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. உள்ளே தௌ மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன, சீமைக்கருவேலம் எல்லையோடு நின்றுவிட்டது. கோடையில் போனால் தௌ இலை உதிர்த்துப் பழுப்பாக நிற்கும். பட்டுப்போன காடு என்று தில்லிவாசிகள் முகம் சுளிப்பார்கள். ஒரு மழை விழுந்ததும் மொத்தச் சரிவும் நிறம் மாறும்.

அங்கே பார்த்துவிட்டு தென்மத்திய ரிட்ஜில் உள்ள சஞ்சய் வனத்துக்கு வந்து தரையைப் பாருங்கள். சீமைக்கருவேலம் அடர்ந்த இடத்தில் குனிந்து பார்த்தால், பொடி இலைச் சருகு ஒரு படலம், காய்ந்த முள், அதற்குக் கீழே வெறும் மண். புல் இல்லை, வேறு மரத்தின் கன்று இல்லை. நிழல் ஒரு காரணம். சருகிலிருந்து மழையில் இறங்கும் ரசாயனங்கள் மற்ற விதைகளின் முளைப்பைத் தடுப்பது இன்னொரு காரணம். பாதையோரமாகக் கொஞ்சம் நடந்தால், மான் வகையில் பெரிய விலங்கான நீல்காயின் சாணம் குவிந்து கிடக்கும் இடம் வரும். நீல்காய்க்கு ஒரு பழக்கம், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து போடும். ஆடி மாதத்தில் அந்தக் குவியலைக் குச்சியால் கிளறிப் பார்த்தால் இரண்டிலையும் மூன்றிலையுமாகச் சீமைக்கருவேல நாற்றங்கால். காய் இனிப்பு, நீல்காய், ஆடு, மாடு, நரி எல்லாம் தின்னும். கெட்டித்தோல் விதை வயிற்றில் ஊறி, எருவோடு வெளியே வந்து முளைக்கும். முளைக்காதவை மண்ணில் வருடக்கணக்கில் காத்துக்கிடக்கும். இந்தக் குவியலை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள், ஒவ்வொரு வழியையும் எடைபோடும்போது இது குறுக்கே வரும்.

அதற்கு முன் வாட்ஸ்அப் குற்றச்சாட்டுகளைக் கழித்துவிடுவோம். சீமைக்கருவேலம் கரியமில வாயுவாகக் கக்குகிறது, காற்றின் ஈரத்தைக் குடித்து மழையை விரட்டுகிறது, மாட்டை மலடாக்குகிறது என்பதெல்லாம் ஊரிலிருந்து ரயிலேறி இங்கேயும் வந்துவிட்ட கதைகள். இரவில் எல்லா மரமும் கரியமில வாயு விடும். வேர் ஆழமாகப் போகும் என்பது மட்டும் நிஜம்: இதே பேரினத்து மரம் ஒன்றின் வேரை அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். மரத்தின் மேல் நியாயமான குற்றச்சாட்டு இருக்கும்போது பொய்க் குற்றச்சாட்டு எதற்கு? நியாயமானது இதுதான்: தனக்குப் பின்னால் வேறு எதையும் வளரவிடுவதில்லை. ஒரு காடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் சங்கிலியை அது அறுத்துவிடுகிறது.

அப்படியே விட்டுவிடுவது

இரண்டாவது மனுவின் நிலை. இதைக் கேலியாகப் பார்க்கிறவர்கள் உண்டு, நான் பார்க்கமாட்டேன். இன்றைய ரிட்ஜில் நரி குட்டி போடுவதும் மயில் ஒதுங்குவதும் நீல்காய் மே மாத வெயிலுக்குப் பதுங்குவதும் இந்த முட்புதரில்தான். தேனீக்கு இதன் பூ வேண்டும். லூ என்கிற கோடை அனல்காற்று தூசியை வாரிக்கொண்டு வரும்போது எந்த இலையும் கொஞ்சம் பிடிக்கும், இந்த இலையும் பிடிக்கிறது. ஓரத்துக் குடிசைகளில் இதன் விறகால் அடுப்பெரிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். செலவு இல்லை. ஊழலுக்கு இடம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"மரத்தைத் தொடாதே" என்று மக்கள் பதறுவதற்கு இன்னொரு காரணம், கடந்தகால அனுபவம். 2024 பிப்ரவரியில் சத்பரிப் பக்கம் ரிட்ஜில் சாலையை அகலப்படுத்த ஏறத்தாழ 1,100 மரங்கள் வெட்டப்பட்டு, விஷயம் உச்சநீதிமன்றத்தில் அவமதிப்பு வழக்கு வரைக்கும் போனது. தில்லியில் 1994லிருந்து மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1995லிருந்து ரிட்ஜுக்கென்றே ஒரு மேலாண்மை வாரியம் இருக்கிறது, இருந்தும் இப்படி. அந்நிய மரம் என்று சொல்லி வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் சாலையோ பார்க்கிங்கோ வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், விட்டுவிடுவது என்றால் காடு இன்று இருப்பது போலவே இருக்கும் என்று அர்த்தம் ஆகாது. எஞ்சியிருக்கும் வெள்வேலமும் தௌவும் வயதாகி ஒவ்வொன்றாக விழும். அந்த இடத்தில் எழுவது நீல்காய் சாணத்தில் பார்த்த கன்று. ஐம்பது வருடம் கழித்து விதை எடுக்கக்கூடத் தாய்மரம் இருக்காது. ஆகவே விட்டுவிடுவதும் ஒரு தேர்வு. அதன் விலை மெதுவாக வசூலாகும், அவ்வளவுதான்.

ஜேசிபி விட்டுப் பிடுங்குவது

முதல் மனு கேட்பது இது. போன குளிர்காலத்தில் பரமக்குடியிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவும் இதையேதான் சொன்னார். சஞ்சய் வனத்தில் கூட்டிக்கொண்டு நடந்தேன். கம்பி வேலியையும் அறிவிப்புப் பலகையையும் பார்த்துவிட்டு அவருக்குச் சிரிப்பு.

"என்னப்பா இது, நம்ம கம்மாயில கெடக்குற சனியனுக்கு இங்க வேலி போட்டுக் காவல் வச்சிருக்கீங்க?"

"காட்டுக்குத்தான் வேலி, சித்தப்பா. இந்த மரத்துக்கு இல்ல."

"நாலு ஜேசிபிய விட்டா ஒரு வாரம். எங்க கம்மாயில அப்படித்தான எடுத்தோம்."

"அது வண்டல் மண்ணு. இது பாறை. இழுத்தா மரத்தோட இருக்கிற மண்ணும் வந்துரும்."

"பாறைன்னா வேரு உள்ள போகாமலா நிக்குது?"

நல்ல கேள்வி. வேர் உள்ளேதான் போகிறது, பாறை வெடிப்புக்குள். அதனால்தான் இங்கே ஜேசிபி தோற்கிறது. சீமைக்கருவேலம் துளிர்ப்பது தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியிலிருந்து. கண்மாயில் ஜேசிபியின் கொம்பு ஒரு முழம் இறங்கி அந்தக் கழுத்தோடு தூக்கிவிடும், கதை முடிந்தது. பாறையில் மரம் முறியும், கழுத்து வெடிப்புக்குள் தங்கும். அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டு நிற்கும். ஜோத்பூர்க் கோட்டைக்கு அடியில் உள்ள ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்காவில் 2006 வாக்கில் இதே சிக்கல் வந்தது. இயந்திரமும் மருந்தும் பலிக்கவில்லை. கடைசியில் பரம்பரையாகக் கல் உடைக்கும் கண்ட்வாலியா தொழிலாளர்களைக் கூப்பிட்டார்கள். அவர்கள் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்துப் பாறை எங்கே பிளக்கும் என்று கண்டு, உளியால் இறங்கி வேர்க்கழுத்தை எடுத்தார்கள். அந்தக் குழிகளிலேயே பாலைவனச் செடிகளை வைத்தார்கள். பலன் அருமை. ஆனால் அது எழுபது ஹெக்டேர் அளவிலான பூங்கா, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு மனிதன் உட்கார்ந்து செய்த வேலை. ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்கு அத்தனை உளிக்கு எங்கே போவது?

தமிழ்நாட்டு அனுபவத்தையும் முழுசாகப் பார்க்கவேண்டும். 2017ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மாவட்டம் மாவட்டமாகப் பிடுங்கினார்கள். அதே வருடம் இடைக்காலத் தடையும் வந்தது, சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று பார்க்காமல் பிடுங்கலாமா என்ற கேள்வியும் வந்தது. 2022ல் தமிழக அரசு அயல் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. இடையில் நடந்ததை ஊருக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். தண்ணீர் நின்ற கண்மாய்களில் மரம் திரும்பவில்லை. பிடுங்கிவிட்டு வெறுமனே போட்ட புறம்போக்கில் முன்னைவிடப் புதராக நிற்கிறது. கண்மாயில் நோக்கம் ஒன்றுதான், தண்ணீர் நிற்க இடம் வேண்டும். மரம் போன இடத்தைத் தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. ரிட்ஜில் மரம் போன இடத்தை எது எடுத்துக்கொள்ளும்? மண்ணில் கிடக்கும் விதைதான் முதலில் எழும், அது யாருடைய விதை என்று உங்களுக்குத் தெரியும்.

ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கைக்குப் பக்கத்திலேயே, பரத்பூரில், ஒரு பாடம் இருக்கிறது. 1982ல் அங்குள்ள கேவலாதேவ் பறவைச் சதுப்புநிலம் தேசியப் பூங்காவாக ஆன கையோடு எருமை மேய்ச்சலைத் தடைசெய்தார்கள். நல்ல எண்ணம்தான். எருமை போனதும் பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் தறிகெட்டு வளர்ந்து நீர்நிலைகளை மூடியது, பறவைகளுக்குத் திறந்த நீர்ப்பரப்பு குறைந்தது. மேய்ச்சலே அந்தச் சதுப்பைத் திறந்துவைத்திருந்தது என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு சொன்னபோது பலருக்கு அதிர்ச்சி. அந்தப் பகுதி மக்கள் தடை வந்த நாளிலேயே சொன்னதுதான் அது.

ஆகவே ஜேசிபிக்கு ரிட்ஜில் இடமே இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. பழைய ஜோஹட் குளங்கள், மழைநீர் ஓடும் நாலாக்கள், மண் ஆழமான தட்டைப் பகுதிகள். அங்கே சித்தப்பா சொன்னதுதான் சரி. சரிவில் வேண்டாம்.

விறகும் கரியும்

வெட்டுவதை மக்களிடமே விட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. நம்மூரில் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். ராமநாதபுரத்தில் வானம் பார்த்த விவசாயம் பொய்த்த வருடங்களில் பல வீட்டில் உலை வைத்தது அந்தக் கரி. பரத்பூரிலேயே 2007க்குப் பிறகு சுற்றுக் கிராமத்து மக்களைக் கொண்டு சீமைக்கருவேலத்தை எடுத்தார்கள், விறகு எடுத்தவருக்கு என்ற ஏற்பாட்டில். வேரோடு எடுத்தால்தான் விறகு என்று நிபந்தனை வைத்தால் வேலை சுத்தமாக நடக்கும்.

குஜராத்தில் கட்ச் பகுதியின் பன்னிப் புல்வெளி இதன் மறுபக்கம். அங்கே கரிக்கு அனுமதி கொடுத்தபோது மரம் ஒழியவில்லை. கரிக்காரருக்கு மரம் அடுத்த வருடமும் வேண்டும். வேரை விட்டு மேலே வெட்டுவார், அது துளிர்க்கும், திரும்ப வெட்டுவார். வருமானமாக மாறிய களை களையாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. இதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தில்லியில் மூட்டம் போடுவது, நவம்பர்ப் புகையை நினைத்தாலே, பேச்சுக்கே இடமில்லை. விறகு மட்டும் என்றால் யோசிக்கலாம்.

கவிகையைக் கழித்து, கீழே நட்டு, காத்திருப்பது

எனக்குப் பிடித்த வழி இதுதான் என்பதை மறைக்கப்போவதில்லை. தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபுவும் அவருடைய குழுவும் தில்லியின் பல்லுயிர்ப் பூங்காக்களில் செய்துகாட்டிய முறை. மரத்தை வெட்டுவதில்லை. கவிகையை, அதாவது குடைபோல விரிந்த மேல் கிளைகளைக் கழிக்கிறார்கள். தரைக்கு வெயில் இறங்குகிறது. அந்த வெளிச்சத்தில் புல்லையும் சொந்த மரக் கன்றுகளையும் வைக்கிறார்கள், மிச்சம் நிற்கும் சீமைக்கருவேலத்தின் மேல் சீந்தில் மாதிரி இந்த மண்ணின் கொடிகளை ஏற்றிவிடுகிறார்கள். கொடி மேலே படர்ந்து மூட மூட, பழைய மரம் வெயில் கிடைக்காமல் நோஞ்சானாகிறது; கன்று நிமிர்கிறது. சீமைக்கருவேலம் வேரில் நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் மரம், பல வருடம் அது சேர்த்த சத்தை இப்போது கன்று எடுத்துக்கொள்கிறது. நரிக்கும் மயிலுக்கும் ஒரே நாளில் வீடு போவதில்லை. பாறை மேலிருக்கும் ஒரு சாண் மண்ணும் அப்படியே இருக்கிறது.

வசந்த் விஹாரில் உள்ள ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்காவுக்குப் போய்ப் பார்க்கலாம், நம் ஏரியாவிலிருந்து ஆட்டோ தூரம். 692 ஏக்கர். ஒரு காலத்தில் சுரங்கம் தோண்டிப் போட்ட பள்ளமும் சீமைக்கருவேலமுமாக இருந்த நிலம். இன்று ஒரு பக்கம் புல்வெளி, ஒரு பக்கம் இலையுதிர் மரங்கள், பள்ளத்தில் வேறு ஒரு சமூகம். எல்லா இடத்திலும் ஒரே மரக்கலவையை வைக்காமல், மேடு, சரிவு, பள்ளம் என்று பிரித்து அந்தந்த இடத்துக்கு உரியதை வைத்திருக்கிறார்கள். குர்காவுனில் அதே பெயரில் இன்னொரு பூங்கா, அதுவும் பழைய சுரங்க நிலம், 2010லிருந்து குடிமக்களும் சூழலியலாளர்களும் சேர்ந்து வளர்த்தது. ஆரவல்லி முழுக்க அலைந்து விதை எடுத்து, சொந்த நாற்றங்கால் போட்டார்கள், கடையில் தௌ கன்று கிடைக்காது என்பதால். 2022ல் இந்தியாவிலேயே முதலாவதாக அதற்கு ஓஇசிஎம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. சட்டப்படி சரணாலயம் இல்லாவிட்டாலும் பல்லுயிரைக் காக்கும் இடம் என்று அதற்குப் பொருள்.

குறை இல்லாமல் இல்லை. கழித்த கிளை வெறியோடு துளிர்க்கும்; ஒரு தடவை கழித்துவிட்டு மறந்தால் முன்னைவிட அடர்த்தி. முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குக் கன்றுக்குத் தண்ணீர் வேண்டும், நீல்காய் மேயாமல் காவல் வேண்டும். கொடி ஏற்றுவது, களை எடுப்பது எல்லாம் கைவேலை. மத்திய ரிட்ஜில் 423 ஹெக்டேரை இந்த முறையில் மீட்கத் தில்லி அரசு திட்டம் போட்டபோது முதல் கட்டத்துக்கு எடுத்துக்கொண்டது 10 ஹெக்டேர்தான். அதைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. இந்த வேலைக்கு அந்த வேகம்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். அரசாங்க ஒப்பந்தங்கள் நட்ட கன்றின் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கும். பிழைத்த கன்றுக்குக் கொடுப்பது அபூர்வம். இந்த முறை தோற்றால் அங்கேதான் தோற்கும்.

மியாவாக்கி பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் ஒவ்வொரு குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் யாராவது எழுந்து கேட்கிறார்கள். சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று நெருக்கி நட்டு வேகமாக அடர்காடு ஆக்குவது. பள்ளிக்கூட மூலை, தொழிற்சாலைக் காம்பவுண்டு, சரி. இயல்பிலேயே திறந்த முட்காடும் புல்லுமாக இருக்க வேண்டிய பாறைச் சரிவில், மண்ணைத் தோண்டி எரு கொட்டி அடர்காடு போடுவது, கவுதாரி இருக்கும் இடத்தில் அதற்கு இடமில்லாமல் செய்வது. ரிட்ஜுக்கு வேண்டாம்.

எதில் கையெழுத்து?

வழியைத் தீர்மானிப்பது மரத்தின் மேல் நமக்கு இருக்கும் கோபமாக இருக்கக் கூடாது. கீழே இருப்பது வண்டலா பாறையா, வெட்டிய பிறகு ஐந்து மழைக்காலம் அங்கே யார் நிற்பார்கள், இந்த இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் வழி தானே தெரியும். நாலாவிலும் ஜோஹட்டிலும் வேரோடு எடுக்கலாம். சரிவில் கழித்து நடலாம், ஆள் இருக்கும் அளவுக்கு மட்டும். ஆள் போய்ப் பார்க்க முடியாத உள்பகுதியை இப்போதைக்கு விட்டுவைக்கலாம்; அரைகுறையாகக் கை வைப்பதைவிட அது மேல். கழிப்பது மார்கழி, தை, மாசியில் நடக்கட்டும். பறவைகள் கூடு கட்டத் தொடங்குவதற்கு முன், காய் பழுத்து உதிர்வதற்கு முன். நடுவது ஆடியில் முதல் கனமழைக்குப் பின்.

அதனால் இரண்டு மனுவுக்கும் பதிலாக மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம். மேலே சொன்ன பிரிவினையோடு மூன்று நிபந்தனைகள் அதில் இருக்கின்றன: வெட்டும் எந்த இடத்திலும் நிலப்பயன்பாடு மாறாது என்று எழுத்தில் உறுதி, ஒப்பந்தக்காரருக்குப் பணம் மூன்றாவது கோடைக்குப் பின் உயிரோடு நிற்கும் கன்றைக் கணக்கிட்டு, கழித்த விறகு ஏலத்துக்குப் போகாமல், இன்று அங்கே சுள்ளி பொறுக்கும் குடும்பங்களுக்கு. மூன்றாவதை எழுதியபோது குழுவில் சிலர் முணுமுணுத்தார்கள், விறகு கொடுத்தால் பழக்கமாகிவிடும் என்று. பன்னியை நினைத்துப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே கிளை மட்டும், குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் என்று திருத்தியிருக்கிறோம்.

கடிதத்துக்குக் காத்திருக்க முடியாது, இரண்டில் ஒன்றில் இன்றே போட்டாக வேண்டும் என்கிறவர்கள் "தொடாதே" மனுவில் போடுங்கள். விட்ட மரத்தின் கிளையை அடுத்த வருடமும் கழிக்கலாம். ஜேசிபி ஏறிய சரிவில் அதற்குப் பிறகு கழிக்கவும் நடவும் மண் இருக்காது.